கைவிடப்பட்ட பாட்டுப் பெட்டிகள்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

பாட்டுக் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட கையடக்கக் கருவியைக் கடையில் வாங்கிவிட்டதால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. அதற்குப் பேட்டரி வேண்டும், பாட்டு வேண்டும், பாட்டை ஏற்றித் தர ஆள் வேண்டும், பழுதானால் உதிரிபாகமும் அதைப் பொருத்தத் தெரிந்த கையும் வேண்டும். இவற்றில் ஒன்று நின்றாலும் கருவி ஊமையாகிவிடும். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் இவை ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்திருக்கின்றன. அதனால் எழுந்த மனக்குறை உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் நிறுவனத்தின் சேவை மையம் எட்டிப் பார்க்காத ஊர்களில் அக்குறை வேறு வடிவம் எடுத்தது. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பாதியில், அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என விரியும் வானம் பார்த்த பூமி அதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இந்த வட்டாரத்தின் உழைப்பில் கை ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் மல்லியும் மிளகாயும் பயறும் விளையும் கரிசல் இது. மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதும் ஆடு மேய்ப்பதும் கைகொடுக்கும். அருப்புக்கோட்டையில் தறியும் நூற்பாலையும் உண்டு. குழித்தறியில் உட்கார்ந்தவர் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொள்வது நெசவாளர் தெருக்களின் பழைய வழக்கம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும், அதன்பின் திருநெல்வேலி வானொலியும், கொடைக்கானல் மலைமேலிருந்து தென்மாவட்டங்களை எட்டும் 100.5 கோடை பண்பலையும் இந்த மண்ணின் காதுகளைப் பழக்கின. விசைத்தறிக் கூடத்தில் நிலை வேறு. அங்கே இரைச்சலே பாட்டை விழுங்கிவிடும். அதையும் மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுவது காதுக்குக் கேடு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ரேடியோ தருவதைத்தான் கேட்க முடியும். வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கும் உரிமையைக் கொடுத்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு நாடாப் பெட்டி, இந்தியக் கிராமங்களை 1980களில்தான் முழுமையாக வந்தடைந்தது. சோனியின் வாக்மேன் 1979இல் ஜப்பானில் வெளிவந்தது. கரிசல் ஊர்களில் வாக்மேனைவிட மதிப்பாக இருந்தது, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ‘டூ இன் ஒன்’. வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் கையில் நேஷனல் பானசோனிக் பெட்டி ஒன்று இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இருந்தது. அந்தப் பெட்டிக்கு இந்தியாவில் உத்தரவாதம் கிடையாது. அதைத் தயாரித்த நிறுவனத்துக்கும் வாங்கியவருக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் அது இருபது ஆண்டுகள் பாடியது.

பாடவைத்தவர்கள் இருவர். ஒருவர் ரேடியோ மெக்கானிக். கேசட் கருவியில் பழுதாகும் உறுப்புகள் எண்ணிவிடக் கூடியவை. ரப்பர் பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுக்கும். பிஞ்ச் ரோலர் தேய்ந்தால் நாடா சிக்கும். ஹெட்டில் தூசி படிந்தால் குரல் மங்கும். கரிசல் காட்டுப் புழுதியில் மூன்றாவது அடிக்கடி நேரும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் தீரும். எந்த நிறுவனத்தின் பெட்டியானாலும் பெல்ட்டும் மோட்டாரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்ததால் மதுரைக் கடைகளில் மொத்தமாக வாங்கிவந்து மாட்டிவிட முடிந்தது. இன்னொருவர் ரெக்கார்டிங் கடைக்காரர். வாடிக்கையாளர் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அறுபது நிமிட வெற்றுக் கேசட்டில் அதைப் பதிந்து, அட்டையில் பாடல் பெயர்களைத் தன் கையெழுத்தில் எழுதித் தருவார். டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், நாகூர் ஹனீபா, எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா என எல்லாமே அந்த ஒரே மேசையில் கிடைத்தன. வாடிக்கையாளர் சேவை என்று இன்று சொல்லப்படுவதை அக்காலத்தில் முழுவதுமாகச் செய்தவர்கள் இவர்கள் இருவரே. நிறுவனம் செய்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சி.டி. பிளேயர் இந்த வட்டாரத்தில் வீட்டோடு நின்றது, காட்டுக்குப் போகவில்லை. அடுத்த பெரிய மாற்றம் எம்.பி.3. இந்தக் கோப்பு முறைக்கான தரநிலை 1990களின் தொடக்கத்தில் உருவானது. 1998இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்.பி.மேன் என்ற முதல் கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆப்பிளின் ஐபாட் வந்தது. விலை காரணமாக ஐபாட் இந்தப் பக்கம் அரிது. இங்கு பரவியவை, பேருந்து நிலையக் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த சீனத் தயாரிப்புகள். மெமரி கார்டும் பென் டிரைவும் செருகும் துளை, பண்பலை, ஒரு சிறு ஸ்பீக்கர், சிலவற்றில் டார்ச் விளக்கு. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில், சார்ஜில் ஓடும் இப்பெட்டிகள் வீட்டில் இருந்த ஒரே பாட்டாகவும் சில இரவுகளில் ஒரே வெளிச்சமாகவும் இருந்தன.

இவற்றின் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம் பேட்டரி. நோக்கியா தன் 1100 போன்ற எளிய கைபேசிகளுக்காகப் பரப்பிய பி.எல்.-5சி பேட்டரியையே சீனப் பெட்டிகள் பலவும் ஏற்றன. நோக்கியா 2014இல் தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையையும் அதே ஆண்டு மூடியது. பேட்டரி மட்டும் மறையவில்லை. அந்த அளவில் யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம் என்றாகிவிட்டதால் சிற்றூர்க் கைபேசிக் கடையிலும் அது தொங்குகிறது. தயாரிப்பாளரின் கையை விட்டுப் பொதுவுக்கு வந்த பாகம் பிழைத்துக்கொண்டது. இந்தச் சிக்கலின் மையமும் இங்கேதான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, விலை கூடிய மெல்லிய கருவிகளில் பேட்டரி உள்ளேயே பசை போட்டு ஒட்டப்பட்டது. லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் தன் கொள்ளளவில் குறிப்பிடத்தக்க பங்கை இழக்கும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் அது இன்னும் விரைவாக நடக்கும், சில நேரம் உப்பியும் போகும். அதோடு கருவியும் முடிந்தது.

பாட்டு ஏற்றும் கடைகள், ரெக்கார்டிங் கடையின் இடத்தைப் பிடித்தன. கைபேசி ரீசார்ஜ் கடையில் ஒரு கணினி இருக்கும். சில பத்து ரூபாய்க்குக் கார்டு நிறையப் பாட்டு கிடைக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மலிவான கருவிகள் பாடல்களைப் பெயர் வரிசையில் பாடுவதில்லை. கார்டில் எந்த வரிசையில் ஏறினவோ அந்த வரிசையில்தான் பாடும். ஆகவே அம்மா கேட்கும் விநாயகர் பாட்டு முதலில் வரவேண்டுமானால், கடைக்காரர் அதை முதலில் ஏற்ற வேண்டும். திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகச் சிதையும் என்பதால் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். திரையே இல்லாத பெட்டியில் எத்தனையாவது பாட்டு எது என்பதை வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருப்பார். இந்த அறிவை எந்தக் கையேடும் சொல்லித் தரவில்லை.

இந்தத் தொழில் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதை மறைக்க முடியாது. ஒளிநாடாத் திருட்டைக் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் தமிழக அரசு 2004இல் கொண்டுவந்தபின், சி.டி.யும் கார்டும் கையாண்ட கடைக்காரர்கள் பயத்தோடுதான் இருந்தார்கள். பாட்டுக்கு உரியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. அது நியாயமான குறை. ஆனால் திருச்சுழியிலோ நரிக்குடியிலோ இருக்கும் ஒருவர், முறையாகப் பணம் கட்டித் தன் கருவியில் தமிழ்ப் பாட்டை ஏற்றிக்கொள்ள எளிய வழி ஒன்றும் இருக்கவில்லை. முயன்றவர்களும் நிலைக்கவில்லை. ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்ற பெயரில் பூட்டில்லாத எம்.பி.3 பாடல்களை விற்கத் தொடங்கி அடுத்த ஆண்டே மூடியது. இந்தியாவில் பாட்டைச் சொந்தமாக வாங்கும் வழக்கம் வேர்விடும் முன்பே அதன் கடை மூடப்பட்டது.

பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. தரவு மலிந்தது, இளைஞர்கள் பாட்டை ஏற்றுவதை விட்டு நேரடியாகக் கேட்கத் தொடங்கினார்கள். கடைக்காரருக்கு இரண்டு மணி நேரம் பாட்டு ஏற்றுவதைவிட ஒரு கைபேசி உறை விற்பது லாபம். கணினி ஓரங்கட்டப்பட்டது. எஞ்சிய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் முதியவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தறிக்காரர்கள், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் கட்டுபவர்கள். அவர்களுடைய குறைகளைக் கேட்டால் ஒரே முடிச்சின் பல இழைகளாக இருக்கும். பழைய பெட்டி 32 ஜி.பி. வரையுள்ள கார்டைத்தான் எடுக்கும். இப்போது கடையில் தூக்கிக் கொடுப்பது 64 ஜி.பி.யும் அதற்கு மேலும். புதுக் கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அமைக்கப்பட்டு வருவதால் பழைய கருவி அதைக் கார்டு என்றே அறியாது. ஃபேட்32 முறைக்கு மாற்றினால் பல கருவிகள் வாசித்துவிடும் என்பது விவரம் தெரிந்தவருக்குத் தெரியும். ஆனால் விண்டோஸ் தன் சொந்த வசதியில் 32 ஜி.பி.க்கு மேல் அப்படி மாற்றவிடாமல் நீண்ட காலம் வைத்திருந்தது. விளைவு, கார்டு கெட்டது என்று ஒருவரும், பெட்டி கெட்டது என்று மற்றவரும் சொல்லி, நல்ல பெட்டி குப்பைக்குப் போகும். சார்ஜ் செய்யும் துளை தளர்வது, அதற்கேற்ற ஒயர் கடைகளில் அருகிவருவது, உள்ளே சில்லு கரும்பசையால் மூடப்பட்டிருப்பதால் மெக்கானிக் தொட முடியாமல் போவது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயருக்கு முகவரியே இருப்பதில்லை. குறை சொல்ல யாரும் இல்லை என்பதுதான் வாடிக்கையாளரின் முதல் குறை.

பெயரும் முகவரியும் உள்ள பெருநிறுவனங்களிடம் வாங்கியவர்களும் தப்பவில்லை. ஆப்பிள் 2014இல் ஐபாட் கிளாசிக்கை நிறுத்தியது. அதற்கு வேண்டிய பாகங்கள் உலகில் எங்கும் கிடைக்கவில்லை என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக். 2017இல் நானோவும் ஷஃபிளும் போயின. 2022 மே 10 அன்று ஐபாட் டச்சுடன் அந்த வரிசையே முடிந்தது. விற்பனை நின்று ஏழு ஆண்டுகள் ஆன பொருளுக்குப் பொதுவாகப் பழுதுபார்ப்பு இல்லை என்பது அந்நிறுவனத்தின் பொது விதி. மைக்ரோசாஃப்டின் கதை இன்னும் கசப்பானது. அதன் எம்.எஸ்.என். மியூசிக் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாடல்கள், உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரைச் சார்ந்திருந்தன. அந்தச் சர்வரை நிறுத்தப்போவதாக 2008இல் அறிவித்ததும் எழுந்த எதிர்ப்பால் கெடுவைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அதே ஆண்டின் கடைசி நாளில், லீப் ஆண்டின் 366ஆவது நாளைக் கணக்கிடத் தெரியாமல் அந்நிறுவனத்தின் 30 ஜி.பி. சூன் பாட்டுக் கருவிகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் உறைந்தன. சூன் கருவியின் தயாரிப்பு 2011இலும் அதன் சேவை 2015இலும் முடிந்தன.

நிறுவனங்கள் தரப்பில் காரணம் எளிது. கைபேசி பாட்டையும் பாடுகிறது. தனிக் கருவியை வாங்குவோர் குறைகிறார்கள். குறைந்த எண்ணிக்கைக்குப் பாகம் செய்ய எந்த ஆலையும் முன்வராது. விற்ற பொருளிலிருந்து ஒருமுறைதான் லாபம். மாதச் சந்தாவில் ஒவ்வொரு மாதமும். வணிகக் கணக்காக இது சரி. ஆனால் கைபேசியே போதும் என்ற வாதம் கரிசல் காட்டில் முழுதாகச் செல்லுபடியாவதில்லை. மடியில் இருக்கும் ஒரே கைபேசி, வெளியூர்ப் பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருப்பது. அதன் சார்ஜைப் பாட்டுக்குச் செலவிட மனம் வராது. திருப்பூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் இது சிறு விஷயம் இல்லை. காட்டுக்குள் சிக்னல் சீராக இருக்காது. ரீசார்ஜ் முடிந்த நாளில் பாட்டும் முடிந்துவிடும். தொடுதிரையில் எழுத்தைத் தேடித் தட்டக் கண்ணும் விரலும் ஒத்துழைக்காத முதியவருக்கு, ஒரு பொத்தானை அழுத்தினால் பாடும் பெட்டிக்கு ஈடு எதுவும் இல்லை. கைபேசிகளில் பண்பலை வசதியும் காதொலித் துளையும் மெல்ல மறைந்துவந்தன. கைபேசிகளில் பண்பலையை நீக்கவோ முடக்கவோ வேண்டாம் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தும் அளவுக்கு நிலை வந்தது.

இந்தத் தேவையைக் கண்டுகொண்ட ஓர் இந்திய நிறுவனம் உண்டு. பழைய எச்.எம்.வி.யின் வாரிசான சரிகம, 2017இல் கார்வான் என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய ரேடியோ வடிவம், உள்ளேயே பதிந்த ஐயாயிரம் பாடல்கள், இணையம் தேவையில்லை. தமிழ்ப் பதிப்பும் வந்தது. சுமார் ஆறாயிரம் ரூபாய் விலையிலும் அது விற்றது, பிறகு சிறிய, மலிவான வடிவங்கள் வந்தன. பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கித் தரும் பரிசாகவே அது பெரிதும் பரவியது. தனிக் கருவிக்கு ஆளில்லை என்ற கூற்றுக்கு இது நேரடி மறுப்பு. ஆனாலும் எல்லை உண்டு. உள்ளே இருப்பவை நிறுவனத்துக்கு உரிமை உள்ள பாடல்களே. திருச்சுழி திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பதிகம் பெற்ற தலம். 1879இல் ரமணர் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூர்க்காரர் தம் ஊர்ப் பதிகத்தையோ ரமணரின் அட்சரமணமாலையையோ கேட்க விரும்பினால், பென் டிரைவில் ஏற்றிச் செருகித்தான் கேட்க வேண்டும். அப்போது மறுபடியும் பாட்டு ஏற்றித் தரும் ஆள் தேவைப்படுகிறார்.

சட்டம் என்ன தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளுக்கும் சேவைக்கும் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இணையவழி மனுவும் உண்டு. விருதுநகர் மாவட்ட ஆணையம் இயங்குவது ஸ்ரீவில்லிபுத்தூரில். அது மாவட்டத்தின் மேற்கு ஓரம், திருச்சுழி கிழக்கு ஓரம். அறுநூறு ரூபாய்ப் பெட்டிக்காக ஒருநாள் கூலியை விட்டுப் பேருந்து மாறிப் போவார் யார்? அதைவிடப் பெரிய இடைவெளி, உத்தரவாதக் காலம் முடிந்தபின் இத்தனை ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இத்தகைய கருவிகளுக்கு இல்லாதது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலும் திறந்தது. வேளாண் கருவி, கைபேசி முதலான மின்னணுப் பொருள், வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறை நிறுவனங்கள் அதில் தகவல் தருகின்றன. முகவரியே இல்லாத பெட்டிக்காரர் அதில் வரப்போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி அமைக்கச் சொல்கிறது. இந்தியச் சந்தைக்கு அப்படியொரு விதி வந்தால் உப்பிய பேட்டரியோடு தூக்கி எறியப்படும் கருவிகளில் பெரும்பாலானவை பிழைக்கும்.

விதி வரும்வரை மெக்கானிக்குகள் காத்திருக்கவில்லை. பழைய டேப்பின் உடம்புக்குள் எம்.பி.3 பலகை ஒன்றைப் பொருத்தும் வழக்கம் தமிழகமெங்கும் பரவியுள்ளது. யு.எஸ்.பி. துளை, கார்டுத் துளை, பண்பலை, புளூடூத் எல்லாம் சேர்ந்த அந்தச் சிறு பலகை ஒன்றிரண்டு நூறு ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவிலும் மதுரையிலும் கிடைக்கும். டூ இன் ஒன்னின் ஸ்பீக்கரும் ஆம்பிளிஃபயரும் அப்படியே இருக்க, பாட்டு மட்டும் கார்டிலிருந்து வரும். மைக்செட்காரர்களும் இதே பலகையைத்தான் நம்புகிறார்கள். வெளிநாட்டில், கருவிகளுக்கு மாற்று மென்பொருள் எழுதிவரும் ராக்பாக்ஸ் என்ற தன்னார்வத் திட்டம் 2001 முதல் செய்துவருவதும் இதன் இன்னொரு வடிவமே. கைவிடப்பட்ட ஐபாடுகளும் சான்சா என்ற பாட்டுக் கருவிகளும் அதனால் ஓடுகின்றன.

பலகை மாற்றுவதில் ஓர் இழப்பு நேர்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. டேப்பின் மெக்கானிசத்தைக் கழற்றி எறிந்தபின் அந்த வீட்டுக் கேசட்டுகளைப் பாடவைக்க வேறு கருவி இல்லை. சினிமாப் பாட்டு எங்கும் கிடைக்கும். ஆனால் கோயில் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டு, விடிய விடிய நடந்த வள்ளி திருமணம் நாடகத்தின் பபூன் பேச்சு, ஊர்க் கிழவிகளின் ஒப்பாரி, முளைப்பாரிக் கும்மி, வளைகுடாவிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பிய கடிதம் ஆகியவை எந்தச் செயலியிலும் இல்லை. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி போலச் சிலர் வானொலிக்கும் சினிமாவுக்கும் போனார்கள். மற்றவர் குரல் இந்த நாடாக்களில் மட்டுமே உள்ளது. வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் பரணில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி போன்ற இடங்களின் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் களப்பதிவுகளைச் சேர்த்துவந்துள்ளன. வீடுகளில் கிடப்பவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்ற, நன்றாக ஓடும் ஒரு டேப்பும், பெல்ட் மாற்றி ஹெட்டின் கோணத்தைத் திருகாணியால் சரிசெய்யத் தெரிந்த ஒருவரும், கணினிக்குப் போகும் ஓர் ஒயரும் போதும். டேப்பும் ஒயரும் இன்னும் கிடைக்கின்றன. அந்தக் கோணத்தைக் காதால் கேட்டே பிடிக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள யாரும் வருவதில்லை.